நீ போடாத கையெழுத்து

என் ஆசை சேவியர் அண்ணனுக்கு,

ஸ்டெல்லா எழுதுகிறேன். சாந்தன்பாறையில் காலையிலிருந்து சாரல் விடவில்லை. ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் வழக்கம்போல உன் வீட்டு முன்னால் ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகிறது. மதினி இப்போது அதில் ஏறுவதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நீ கேட்கக் காத்திருக்கிற செய்தி. அந்த ஆள் விழுந்துவிட்டான். உன் இன்ஸ்பெக்டர்தான். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். உன் பெயர் இருக்கிற காகிதத்தில் அவன் பெயர் இருக்கக் கூடாது.

இதை நமக்குள் வைத்துக்கொள்ளாமல் வெளியே விடுகிறேன் அண்ணே. காக்கி போட்டவர்கள் படிக்கட்டும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ மலைமேல் ஒரு ஸ்டேஷனில் சீனியர் போலீஸ்காரன். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மலையாளத்தில் பரீட்சை எழுதி, காக்கிக்குள் வந்தவன். உன்னைப் பார்த்துத்தான் நானும் வந்தேன். வேறு ஸ்டேஷன், அதே காக்கி. சுற்றுலா சீசனில் மூணாறு ரோடு முழுக்க வண்டி நிற்கும்போது நம் இரண்டு பேர் வீட்டிலும் அடுப்பு எரிகிறதா என்று கூடத் தெரியாது. போன் பேசினால் "சாப்பிட்டியா?" என்று நீ கேட்பாய். நான் பதில் சொல்வதற்குள் உன் பக்கம் யாராவது கூப்பிடுவார்கள்.

அந்த சீசனில் பதினோரு நாள் தொடர்ந்து உனக்கு ஓய்வு இல்லை. இடது தோள் வலிக்கிறது என்று மதினியிடம் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அவன் மேசை முன்னால் நின்று, டாக்டரைப் பார்க்க அரை நாள் விடுமுறை கேட்டாய். ஸ்டேஷனில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்க அவன் சொன்னது இதுதான்:

"அபிநயம் வேண்டா. போயி நில்லு."

நடிக்க வேண்டாம், போய் நில். நீ போய் நின்றாய். மூன்று ரோடு சேருகிற முனையில், மழைக்கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் மூன்றரை மணி வரை நின்றாய். பிறகு ரோட்டுத் தடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தாயாம். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தித் தண்ணீர் கொடுத்திருக்கிறது. "ஒண்ணும் இல்ல, வண்டிய எடுங்க, பின்னாடி நிக்குது" என்று சொல்லியிருக்கிறாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது. ஜீப்பில் ஏற்றி அடுத்த வளைவு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணே, அந்த நேரத்திலும் பின்னால் நிற்கிற வண்டியைப் பற்றி யோசிக்க உன்னால் எப்படி முடிந்தது?

அடக்கத்துக்கு அவன் மலர்வளையத்தோடு வந்தான். துப்பாக்கி மரியாதை நடக்கும்போது விறைப்பாக நின்றான். நான் அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாட்ச்சைப் பார்த்தான். அன்றைக்கு உன் குழிக்குள் நான் போட்டது ஒரு கைப்பிடி மண் மட்டும் அல்ல. இவனை விட மாட்டேன் என்ற சொல்லையும் அதோடு சேர்த்துப் போட்டேன். யார் காதிலும் விழவில்லை.

பிறகு டிபார்ட்மென்ட் எங்களுக்கு ஆறுதல் சொல்ல ஒரு கவுன்சிலிங் அம்மாவை அனுப்பியது. நல்ல பெண்மணி. என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபத்தை இறக்கி வைத்தால்தான் மூச்சு விட முடியும் என்றார்கள். காலையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்புவதே அந்தக் கோபம்தான், அதை இறக்கி வைத்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன் என்று சொன்னேன். அவர்கள் எதையோ எழுதிக்கொண்டார்கள்.

உன் சாவு பற்றிய அறிக்கை வந்தபோதுதான் அவன் என்ன செய்திருக்கிறான் என்று தெரிந்தது. நீ குடிப்பவன் என்று எழுதியிருந்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ் ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு அதை முடிக்கவே பன்னிரண்டு பாட்டுப் பாடுகிறவன் நீ. வீட்டில் சண்டை என்றும் எழுதியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, போலீஸ்காரர்களுக்கு நடத்துகிற மன அழுத்த வகுப்புக்கு உன்னை அனுப்பியதாகவும், அங்கே நீயே எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்ததாகவும் இருந்தது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்தத் தாளின் நகலை வாங்கினேன். மலையாளத்தில் பத்துக் கேள்வி. இரவு நன்றாகத் தூங்குகிறீர்களா? ஆம். வாராந்திர ஓய்வு கிடைக்கிறதா? ஆம். நெஞ்சில் பாரம், மூச்சு முட்டல் உண்டா? இல்லை. இப்படியே பத்தும். கீழே உன் பெயரில் மலையாளத்தில் ஒரு கையெழுத்து.

நான் சிரித்துவிட்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சம்பள ரெஜிஸ்டரில்கூட நீ தமிழில்தான் கையெழுத்துப் போடுவாய் என்று உன்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதற்காக உன்னைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. ஆனால் நாங்கள் கொடுத்த புகாரை விசாரித்த அதிகாரி, ஒரு ஆள் இரண்டு விதமாகக் கையெழுத்துப் போடுவது உலகத்தில் இல்லாததா என்று கேட்டார். அன்று நீ வகுப்பில் இல்லை, வேறு எங்கோ டியூட்டியில் இருந்தாய் என்று யாராவது சொல்ல வேண்டும் என்றார். உன் ஸ்டேஷனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே தொப்பியைச் சரி செய்துகொண்டு நகர்ந்தார்கள்.

அப்போதுதான் பழனிசாமி சார் நினைவுக்கு வந்தார். உங்கள் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து, யாருக்கு எங்கே டியூட்டி என்று தினமும் எழுதியவர். நீ செத்த மறுமாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம் தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். நான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன். மறையூர் வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி, கொழிஞ்சாம்பாறை தாண்டி அவர் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் நின்றது. அவர் லுங்கியோடு தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"வாங்கம்மிணி. வருவீங்கன்னு தெரியுமுங்க" என்றார்.

நான் அந்தத் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அத எழுதுனது நாந்தானுங்க."

அண்ணே, சாட்சி தேடிப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது அந்தக் கையேதான். வகுப்புக்கு ஸ்டேஷனிலிருந்து பதினோரு பேர் போக வேண்டும் என்று உத்தரவு. அன்றைக்கு ரோட்டில் ஆள் வேண்டும். ஆகவே ஒருவரையும் அனுப்பாமல், பதினோரு பேர் தாளையும் இவரையே உட்கார்ந்து நிரப்பச் சொல்லியிருக்கிறான் அவன். இவர் நிரப்பியிருக்கிறார்.

"மேலதிகாரி சொன்னா எழுதோணுமுங்களே. ஒரே மூச்சுல எழுதிட்டனுங்க. சேவியரு தாளுல மட்டும், தூக்கம் வருதான்னு கேட்ட எடத்துல பேனா நின்னுபோச்சு. மொத நா எங்கிட்டத்தான் சொன்னாரு, கண்ண மூடுனா வண்டி ஹார்னுதான் கேக்குதுன்னு."

"பெறகு என்ன எழுதுனீங்க?"

"நல்லா வருதுன்னுதானுங்க."

அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பொய் சொல்லவில்லை. மண்வெட்டி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். இதை வெளியே சொன்னால் அவர் வேலையும் போகும், பென்ஷனும் போகும். அது தெரிந்தேதான் சாட்சி சொல்லக் கேட்டேன். ஒரு வாரம் பொறுப்பேன், நீங்களாக வந்து சொன்னால் சாட்சி, வராவிட்டால் குற்றவாளிகளில் நீங்களும் ஒருவர் என்றேன். எழுந்து நடந்தேன்.  பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தாகம் தெரிந்தது.

நீ இருந்திருந்தால் அந்த மோரைக் குடித்திருப்பாய். எனக்குத் தெரியும். ஆனால் நீ அப்படி இருந்ததால்தானே உன்னை நிற்க வைத்துக் கொன்றார்கள்?

இதற்குள் நான் பழனிசாமி சாரைப் பார்த்த செய்தி அவன் காதுக்குப் போய்விட்டது. விசாரணைக்கு நான்கு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது, அவன் உன் வீட்டு வாசலில் நிற்கிறான். சாதா உடுப்பு, கையில் ஆப்பிள் பை. மதினி உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டாள். எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

அவன் பேசியதன் சாரம் இதுதான். உன் வேலைக்குப் பதிலாக மதினிக்குக் கொடுக்க வேண்டிய வாரிசு வேலையின் பேப்பர் தன் கையில் இருக்கிறது. குடித்துக் கெட்டவன் என்ற குறிப்பைத் தானே எடுத்துவிட்டு நல்லபடியாக அனுப்புவான். நாங்கள் புகாரைத் திரும்ப வாங்க வேண்டும். இல்லையென்றால் வேலை எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது. தனக்கு மேலேயும் ஆள் இருக்கிறார்கள், தன் நெஞ்சிலும் பாரம் இருக்கிறது, அது யாருக்குத் தெரிகிறது என்றும் சொன்னான். அந்த இடத்தில் அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. அது நடிப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனாலேயே எனக்கு வெறுப்பு கூடியது. பாரம் என்றால் என்னவென்று தெரிந்தவன்தான் அதை எடுத்து உன் நெஞ்சில் வைத்திருக்கிறான்.

மதினி ஏலக்காட்டில் களை எடுத்துக் கறுத்துப்போன விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவோரம் நின்ற உன் மகள் ஜெனிக்கு அந்த வருடம் பத்தாம் வகுப்பு. அந்த வேலை எவ்வளவு தேவை என்று அந்த வீட்டில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும். மதினி சம்மதித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? 

"ஸ்டெல்லா, அந்தத் தாள எடுத்துட்டு வா" என்றாள். "அதுல என்ன கேட்டிருக்குன்னு ஒண்ணொண்ணா வாசி. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதுல்ல. சாரும் கேக்கட்டும்."

நான் வாசித்தேன். இரவு நன்றாகத் தூங்குகிறீர்களா?

"இல்ல சார்" என்று மதினி அவனைப் பார்த்துச் சொன்னாள். "கட்டில்ல சாஞ்சு உக்காந்தே இருப்பாக. படுத்தா மூச்சு வரலன்னு சொல்லுவாக."

வாராந்திர ஓய்வு கிடைக்கிறதா?

"இல்ல சார். மக புதுநன்ம வாங்குன அன்னைக்குக் கோயில்ல கடைசியா வந்து நின்னாக. அவ மொத நற்கருண வாங்குறதுக்குள்ள போன் வந்துருச்சு. போயிட்டாக. போட்டோவுல அவுக இல்ல."

வீட்டில் எரிச்சலாக நடந்துகொள்கிறீர்களா?

"இல்ல சார். கத்தியிருந்தா நல்லாயிருந்திருக்கும். பேச்சே கொறஞ்சு போச்சு."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். "உக்காருங்க சார், இன்னும் இருக்கு" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக ஒன்பது கேள்விக்கு அவள் உனக்காகப் பதில் சொன்னாள். பத்தாவதை நான் வாசித்தேன். மேலதிகாரியின் நடத்தை உங்களுக்கு மனவருத்தம் தருகிறதா?

மதினி அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி அவன் முன்னால் நீட்டினாள்.

"இத நீங்களே சொல்லுங்க சார்."

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு படி இறங்கிப் போனான். ஆப்பிள் பையைப் பின்னாலேயே கொண்டுபோய் அவன் கார் சீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அண்ணே, இவ்வளவு வருடம் மதினியை வாயில்லாதவள் என்று நினைத்திருந்தேன். என்னை மன்னித்துக்கொள்.

விசாரணை நாளில் பழனிசாமி சார் வருவாரா என்று தெரியாது. பத்து மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டு, அவர் மட்டும் தனியாக வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய், தானே எழுதியதையும், யார் சொல்லி எழுதினார் என்பதையும், வகுப்பு நாளன்று நீ காலை எட்டு மணியிலிருந்து ரோட்டில் நின்றதற்கு டயரியில் தன் கையால் எழுதிய குறிப்பு இருப்பதையும் சொன்னார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் வாய் வந்தது. அந்தப் பதினோரு பேரில் மிச்சம் இருந்த பத்துப் பேரும், தாங்கள் அந்த வகுப்பின் வாசலைக்கூட மிதித்ததில்லை என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். நீ அரை நாள் விடுமுறை கேட்டதற்கு அவன் சொன்ன பதிலையும் மூன்று பேர் எழுதினார்கள். எனக்கு அவர்கள்மேல் நன்றியும் இல்லை, பாசமும் இல்லை. அதை நீ உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கலாம்.

அவனை சஸ்பெண்ட் செய்தார்கள். பிறகு ஒரு படி கீழே இறக்கி, யாரையும் அதிகாரம் செய்ய முடியாத ஒரு மூலை மேசையில் உட்கார வைத்தார்கள். அவன் தன் அறையைக் காலி செய்த அன்று நான் ஓய்வு எடுத்துக்கொண்டு போய், எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றேன். அவன் ஒரு அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். சல்யூட் அடிக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் டீயைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தேன். எனக்கு இனித்தது அண்ணே. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னால் சாமியார் என்ன பரிகாரம் கொடுப்பார் என்று தெரியவில்லை. இதுவரை சொல்லவில்லை.

பழனிசாமி சாருக்கும் தண்டனை வந்தது. வேலை போகவில்லை, ஆனால் பென்ஷன் இழுத்துக்கொண்டே போனது. அவர் மனைவி ஒரு நாள் போனில் கூப்பிட்டு என்னைத் திட்டினார். உங்கண்ணன் போனதுக்கு எங்க ஊட்டுக்காரர எதுக்குங்க குழியில தள்ளுனீங்க என்று கேட்டார்.  அவர் அழுது முடிக்கிற வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். என் பழிவாங்கலில் எனக்கு உறுத்துகிற இடம் அது ஒன்றுதான்.

மதினிக்கு வேலை வந்துவிட்டது. அவன் சொன்ன மாதிரியே இழுத்தடித்தார்கள், பதினான்கு மாதம். வந்த உத்தரவில் குடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இப்போது சேலை கட்டிப் பையை மாட்டிக்கொண்டு, அரசு அலுவலகத்துக்கு பஸ்ஸில் போகிறாள். மலையாளம் வாசிக்க ஜெனி கற்றுக்கொடுக்கிறாள். பஸ் போர்டெல்லாம் சத்தமாக வாசித்துப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சிரிக்க வைக்கிறாளாம்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து வந்த அனிதா என்று ஒரு போலீஸ்காரப் பெண், வேறு ஒரு ஸ்டேஷனில் இருக்கிறாள். டியூட்டியில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். ரத்த அழுத்தம் அதிகம், பத்து நாள் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவள் இன்ஸ்பெக்டர் வாங்கி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டார். யாரோ சொல்லி எனக்குப் போன் செய்தாள். அக்கா, நான் என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டாள். நெஞ்சைப் பற்றி ஏதும் சொன்னாளா என்று நான் கேட்ட குரலில் என் வீட்டுக்காரரே திரும்பிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு. யூனிபார்ம் போட்டுக்கொண்டேன். பதினோரு மணிக்கு அந்த ஸ்டேஷனுக்குப் போய், இன்ஸ்பெக்டர் அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவர் உள்ளே கூப்பிட்டார். உன்னைக் கொன்றவனைவிட இளையவர், நன்றாகப் படித்த முகம். எந்த ஸ்டேஷன், என்ன விஷயம் என்று மலையாளத்தில் கேட்டார்.

நான் தமிழில் பதில் சொன்னேன். "அனிதா லீவு விஷயமா வந்தேன் சார். நான் சேவியரோட தங்கச்சி."

எந்த சேவியர் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். டிராயரை இழுத்தார். தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். நான் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன்.

செத்துப்போன அண்ணன் பெயரைச் சொல்லி ஆட்களைப் பயமுறுத்துவது சரியா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும். நீ வேண்டாம் என்பாய். யாரையும் சங்கடப்படுத்தாதே என்பாய். அந்தப் பேச்சை மட்டும் நான் கேட்க மாட்டேன். பயப்படட்டும். லீவுத் தாளை டிராயருக்குள் தள்ளுகிற ஒவ்வொரு கையும், அதை மூடுவதற்கு முன்னால் உன் முகத்தை நினைத்து ஒரு நொடி நடுங்கட்டும்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவனை நான் மன்னிக்கப் போவதில்லை. இந்த மலையில் என் காதுக்கு எட்டுகிற எந்த ஸ்டேஷனிலும், நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன ஒருவரைப் போய் நில் என்று அனுப்பினால், அன்றைக்கே அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். காக்கி இருக்கிறவரை காக்கியோடு. அதைக் கழற்றிய பிறகு சேலையோடு.

நீ உட்கார்ந்துகொள் அண்ணே. நின்றது போதும்.

என்றும் உன் தங்கச்சி,
ஸ்டெல்லா